கடைமடைப் பதிவேடு

வைரக்கண்ணு லஸ்கரின் கையெழுத்து
இடப்பக்கம் சாயும், காற்றுக்கு வளைந்த நாணல்போல.
அவருக்குப் பின் ஷட்டர் சாவி எனக்கு வந்தது,
சாவியோடு இந்தப் பதிவேடும்.
காலை ஆறு: மேலே நாலடி, கீழே இரண்டேகால்.
மாலை ஆறு: அதேதான்.
முப்பத்தொரு வருடம் தண்ணீரைத் தவிர
வேறெதையும் அவர் எழுதவில்லை,
ஒரு ஐப்பசி பதினெட்டு வரை.

*ராத்திரி 9. மழை. விருந்தாளி இரண்டு பேர்.*

மிச்சத்தைப் பாக்கியத்தம்மாள்
எதிர்க்கரை டீக்கடையில் சொல்லியிருக்கிறாள்.
பெரியவருக்குத் தாடி; பேசினால் ஓடு அதிர்ந்தது.
சின்னவன் செருப்பைக் கழற்றியபோது
குதிகாலில் ஈர இறகு ஒட்டியிருந்தது.
ஊரின் ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டு
கடைசியாக இங்கே வந்திருந்தார்கள்.
எந்த ஊர் என்று கேட்டதற்குக்
கிழக்கே கடலைக் காட்டினார்கள்:
யவனக் கப்பலில் மதுச்சாடிகளோடு வந்தோம்,
சாடிகள் விற்றன, துறைமுகம் முழுகியது,
திரும்பிப்போகக் கப்பல் கிடைக்கவில்லை.

அவள் அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை.
மடவைக் குழம்பு இரண்டு பேருக்குத்தான் இருந்தது.
கோழியை அடிக்கலாமென்று துரத்தினார் இவர்;
அது பெரியவரின் கால்நடுவே போய்
உட்கார்ந்துகொண்டது. விடு, என்றார்.
ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள்.
அகப்பை சட்டியின் அடியைத் தட்டவேயில்லை.
அப்போதுதான் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

கைகழுவிக்கொண்டே பெரியவர் சொன்னார்:
விடிவதற்குள் இந்த ஊர் தண்ணீருக்குள்.
கதவு திறக்காதவர்களுக்கு அது கூலி.
நீங்கள் இருவர் மட்டும் மேட்டுக்கு வாருங்கள்.

"சாரலுக்குச் சாத்தியிருப்பாங்க," என்றாள் பாக்கியம்.
"கைப்பிள்ளைக்காரி நாலு பேர் இருக்கா அந்தத் தெருவுல."
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை எடுத்தார், சாவியை எடுத்தார்.

*11.40: மேலே ஒன்பதரை.
12.10: ஒன்று முதல் ஐந்து ஷட்டர் திறந்தாச்சு.
1.00: ஆறாவது துருப்பிடித்து நிற்கிறது. பாக்கியமும் சக்கரம் சுற்றுகிறாள்.
1.25: சின்னவர் வந்து கை கொடுத்தார்.
2.00: பெரியவரும்.
3.15: கடல் தண்ணீரை வாங்குகிறது.*

தான் அனுப்பிய வெள்ளத்தைக்
கடவுளே இடுப்பளவு நீரில் நின்று வடித்த கதை
எந்தத் தலபுராணத்திலும் இல்லை,
எங்கள் இலாகா ஃபைலில் இருக்கிறது.

வரம் கேள் என்றார்களாம் விடிகாலையில்.
டீக்கடைக்காரர் இதற்குமேல் அறியார்;
இனி வருவது நானாக நினைத்துக்கொண்டது.

அவள் பெரியவரின் காதில் கேட்டிருப்பாள்:
அவர் முதலில் போகட்டும்.
உப்பு டப்பா எதுவென்றுகூடத் தெரியாத மனுஷன்,
நான் இல்லாமல் ஒருநாள் தாங்கமாட்டார்.
அவர் சின்னவனிடம் கேட்டிருப்பார்:
அவள் முதலில்.
இருட்டில் தனியே படுக்கப் பயம் அவளுக்கு.
கல்யாணமான நாள்முதல் விளக்கு அணைந்தபின்
என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

கொடுத்த வாக்கு இரண்டு, இரண்டும் எதிரெதிர்.
சின்னவன் விரல்விட்டுக் கணக்குப் போட்டிருப்பான்.
பெரியவர் சிரித்த சிரிப்பில்
ஷட்டர் கம்பிகள் ரீங்கரித்திருக்கும்.

ஒன்பது வருடம் கழித்து, ஒரு மாசிக் காலை,
குவார்ட்டர்ஸ் கதவு திறந்தே கிடந்தது.
கொடியில் அவர் சட்டை. அடுப்பில்
பால் இன்னும் பொங்கியிருக்கவில்லை.
வாய்க்கால் படியோரம், நேற்றுவரை இல்லாத
ஒரு மருதும் ஒரு புன்னையும்.

இன்று மரக் கணக்கெடுப்பு.
மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு நிற்கிறேன்.
எது எவருடைய அடிமரமென்று பிரியவில்லை.
புன்னையின் தாழ்ந்த கிளையொன்று
மருதம்பட்டையின் உரிந்த ஓரத்தை
நுனியால் பிடித்துக்கொண்டிருக்கிறது.
ஏ.இ. போனில் கத்துகிறார்:
எத்தனை மரம்ப்பா, சீக்கிரம் சொல்லு.

மேலே நாலடி. கீழே இரண்டேகால்.
ஒன்று என்று எழுதினேன்.